சோர்ந்த மனத்துக்கு வேலை என்னும் மருந்து

மனச்சோர்வைப் பற்றிய மிகப் பழைய மருத்துவ நூல்களில் கஷாயத்துக்குப் பக்கத்திலேயே நடை, குளியல், உறக்கம், பேச்சுத்துணை ஆகியவையும் மருந்தாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. காலையில் எழுந்து வெளியே போய் வா, நாலு பேரோடு பழகு, கையில் ஏதாவது வேலையை எடுத்துக்கொள் என்று வீட்டுப் பெரியவர்கள் இன்று சொல்லும் புத்திமதிக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு வரலாறு உண்டு. இந்த நெடுங்காலத்தில் புத்திமதி அதிகம் மாறவில்லை. யார் சொன்னார்கள், யாருக்குச் சொன்னார்கள், சொன்னதோடு போய்விட்டார்களா அல்லது கூட இருந்து செய்ய வைத்தார்களா என்பவைதான் மாறி வந்திருக்கின்றன. சோர்வில் கிடப்பவருக்கு என்ன செய்தால் நல்லது என்பது பெரும்பாலும் தெரிந்தே இருக்கும். எழுந்து அதைச் செய்ய முடியாமல் போவதே நோய்.

கிரேக்க மருத்துவம் உடலில் ரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று நான்கு நீர்மங்களைக் கண்டது. கரும்பித்தம் மிகுந்தால் பயமும் துயரமும் நீங்காமல் தங்கிவிடும் என்பது ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் நூல்களின் கருத்து. வாதம், பித்தம், கபம் என்ற கணக்கில் பழகிய தமிழ் வாசகருக்கு இது அந்நியமாகத் தோன்றாது. கி.பி. 100ஐ ஒட்டி வாழ்ந்த எபேசு நகரத்து ரூஃபஸ், மெலன்கோலியா எனப்பட்ட இந்த நோய்க்கென்றே தனி நூல் எழுதினார். அவருக்குப் பின்வந்த காலென் அதைப் பாராட்டினார். இவர்கள் வழிவந்த மருத்துவர்கள் பித்தத்தைக் கழிக்கப் பேதி கொடுத்தார்கள், ரத்தம் வடித்தார்கள். அதோடு காற்று, உணவு, உறக்கமும் விழிப்பும், உழைப்பும் ஓய்வும், உடற்கழிவு, மன உணர்ச்சி என்ற ஆறு விஷயங்களை ஒழுங்குக்குக் கொண்டுவருவதையும் சிகிச்சையின் பகுதியாக்கினார்கள். பேதியும் ரத்த வடிப்பும் காலப்போக்கில் மறைந்துவிட்டன. அந்த ஆறு அம்சப் பட்டியல் வேறு வேறு பெயர்களில் இன்றும் நடமாடுகிறது.

அரபு உலகில் இந்தச் சிந்தனை வளர்ந்தது. இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள பல்க் பகுதியைச் சேர்ந்தவரும் 934இல் மறைந்தவருமான அபூ ஸைத் அல்-பல்கி, உடலைப் பேணுவதற்கு ஒரு பகுதி, மனத்தைப் பேணுவதற்கு ஒரு பகுதி என்று ஒரே நூலில் இரண்டையும் எழுதினார். இழப்பு போன்ற தெரிந்த காரணத்தால் வரும் துயரத்தையும் காரணம் புலப்படாமல் வரும் துயரத்தையும் அவர் பிரித்துப் பார்த்தார். இரண்டாவதற்கு வேர் உடலில் இருக்கலாம் என்றார். அவசரத்துக்கு வீட்டில் மருந்து வைத்திருப்பதைப் போல, நலமாக இருக்கும் காலத்திலேயே தெம்பு தரும் எண்ணங்களைச் சேர்த்துவைக்க வேண்டும் என்பது அவர் யோசனை. துனிசியாவின் கைருவானில் இஸ்ஹாக் இப்னு இம்ரான் எழுதிய மெலன்கோலியா நூலை, 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் மோன்டே கசினோ மடத்தில் இருந்த ஆப்பிரிக்கரான கான்ஸ்டன்டைன் லத்தீனில் தந்தார். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் இந்த நோயைப் படித்தது பெருமளவு இவ்வழியேதான்.

அச்சுக் காலத்தில் இந்த அறிவையெல்லாம் ஒரே இடத்தில் குவித்தவர் ராபர்ட் பர்ட்டன். ஆக்ஸ்ஃபோர்டின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் வாழ்நாளைக் கழித்த பாதிரியார் அவர். கல்லூரி நூலகத்தையும் கவனித்துக்கொண்டார். ‘மெலன்கோலியின் உடற்கூறு’ என்ற அவருடைய நூல் 1621இல் ஜூனியர் டெமாக்ரிட்டஸ் என்ற புனைபெயரில் வெளிவந்தது. அதற்குப் பிறகு சாகும்வரை அவர் அதைப் பெருக்கிக்கொண்டே இருந்தார்; அவர் 1640இல் இறந்த பிறகும் அவருடைய திருத்தங்களோடு 1651இல் ஆறாவது பதிப்பு வந்தது. நோய் வராமல் இருக்கவே நோயைப் பற்றி எழுதுவதாக அவரே சொல்லிக்கொண்டார். அதாவது அந்தப் புத்தகமே அவருக்கு அன்றாட மருந்து. ஆயிரம் பக்கத்தை நெருங்கும் நூலைத் தனிமையும் சோம்பலும் கூடாது என்ற எளிய அறிவுரையோடு முடித்தார். சோர்வு அதிகமாகும்போது ஆற்றுப் பாலத்தடிக்குப் போய்ப் படகுக்காரர்கள் ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொள்வதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரிப்பார் என்று ஒரு கதை பின்னாளில் வழங்கியது. கதை உண்மையோ இல்லையோ, அவர் நூலைப் படித்தவர்களுக்கு நம்பும்படியாகவே இருந்திருக்கிறது.

பர்ட்டனை விரும்பிப் படித்தவர்களில் ஒருவர் அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன். இருபது வயதில், 1729இல், அவருக்குக் கடுமையான சோர்வு வந்தது. அதை உதறித் தள்ளச் சொந்த ஊரான லிச்ஃபீல்டிலிருந்து பர்மிங்காம் வரை அடிக்கடி நடந்து போய்த் திரும்பினார். போக வர ஏறக்குறைய 50 கிலோமீட்டர். பலன் கிட்டவில்லை என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஜேம்ஸ் பாஸ்வெல் பதிந்திருக்கிறார். மனவுறுதிக்குப் பெயர் போன ஒருவர் தனியாக, தன்னை விரட்டிக்கொண்டு, அவ்வளவு தூரம் நடந்தும் தேறவில்லை என்பது இந்த வரலாற்றில் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி. ஐம்பது ஆண்டு கழித்து 1779இல் பாஸ்வெலுக்கு எழுதிய கடிதத்தில் ஜான்சன் பர்ட்டனின் அறிவுரையைச் சற்றுத் தளர்த்தினார்: வேலை இல்லாத நேரத்தில் ஆள் துணையோடு இருக்க வேண்டும், ஆள் துணை இல்லாத நேரத்தில் வேலையோடு இருக்க வேண்டும். இரண்டையும் எப்போதும் கடைப்பிடிக்க முடியாது என்று அனுபவத்தில் கண்டவரின் திருத்தம் அது.

தனிமனித அறிவுரையாக இருந்தது ஒரு நிறுவனத்தின் நடைமுறையானது இங்கிலாந்தின் யார்க் நகரத்தில். 1790இல் ஹன்னா மில்ஸ் என்ற விதவை மெலன்கோலியாவுக்காக அங்கிருந்த மனநோய் விடுதியில் சேர்க்கப்பட்டார். குவேக்கர் சமயக் குழுவைச் சேர்ந்த அவரைப் பார்க்க வந்த அக்குழுவினரை விடுதிக்காரர்கள் உள்ளே விடவில்லை. சில வாரங்களில் அவர் இறந்துபோனார். அந்த மரணம் உறுத்தியதால் குவேக்கர்கள் தங்களுக்கென ஓர் இல்லம் கட்டத் தீர்மானித்தார்கள். முன்னின்றவர் வில்லியம் டியூக் என்ற தேயிலை வியாபாரி. ‘ரிட்ரீட்’ என்ற அந்த இல்லம் 1796இல் யார்க்குக்கு வெளியே ஒரு மேட்டுநிலத்தில், சுமார் 30 பேர் தங்கும் அளவில் திறக்கப்பட்டது.

சன்னல்களுக்கு இரும்புச் சட்டம் போட்டு, சாதாரண மரச்சட்டம் போல வண்ணம் பூசினார்கள்; சிறை போலத் தோன்றக் கூடாதாம். முற்றங்களில் முயல்களும் கோழிகளும் கடற்காகங்களும் வளர்ந்தன. ஆண்கள் தோட்டத்திலும் நிலத்திலும் வேலை செய்தார்கள், பெண்கள் தைத்தார்கள், பின்னினார்கள், வீட்டு வேலையில் பங்கெடுத்தார்கள். இல்லத் தலைவி அவ்வப்போது நோயாளிகளைத் தேநீர் விருந்துக்கு அழைப்பார். அவர்கள் நல்ல உடை உடுத்திக்கொண்டு வந்து ஒருவரை விஞ்சி ஒருவர் மரியாதையாக நடந்துகொள்வார்கள். இல்லத்தின் முதல் மருத்துவர் தாமஸ் ஃபௌலர் அன்றைய மருந்துகளை முயன்று பார்த்துவிட்டு, மெலன்கோலியாவுக்கு வெந்நீர்க் குளியல்தான் மற்றவற்றைவிட உதவுகிறது என்ற முடிவுக்கு வந்தார். உறக்கம் வராமல் ஆர்ப்பரிப்பவர்களுக்கு அபினிக்குப் பதில் இரவில் வயிறார உணவு கொடுத்தார்கள்.

வில்லியமின் பேரன் சாமுவேல் டியூக் 1813இல் இந்த இல்லத்தைப் பற்றி எழுதிய நூல் நடைமுறையை விரிவாகச் சொல்கிறது. அதில் கூர்மையான ஒரு கவனிப்பு உண்டு. சோர்வுற்றவரிடம் அவருடைய கவலையைப் பற்றியே பேசி, அது தவறு என்று வாதாடுவதால் எந்த நன்மையும் இல்லை, கேடுதான் என்கிறார். நடை, உடலுழைப்பு, வேறு பேச்சு, வாசிப்பு என்று மனத்தை மெல்ல வேறு பக்கம் இழுக்க வேண்டும். அவற்றிலும் உடல் அசையும் வேலையே மிகுந்த பயன் தரும் என்கிறார். இதே காலத்தில் பாரிசில் மருத்துவர் பிலிப் பினெல், ஸ்பெயினின் சரகோசா நகர விடுதியைப் புகழ்ந்து எழுதினார். அங்கே ஏழை நோயாளிகள் வயலில் உழைத்துத் தேறுகிறார்களாம். உழைப்பது கௌரவக் குறைவு என்று உட்கார்ந்திருக்கும் பிரபுக்கள் தேறுவதில்லையாம். பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷல் ஃபூக்கோ 1961இல் வெளியிட்ட நூலில், இந்த இல்லங்கள் இரும்புச் சங்கிலியைக் கழற்றிவிட்டு மரியாதை, கண்காணிப்பு என்ற கண்ணுக்குத் தெரியாத சங்கிலியைப் பூட்டின என்று குற்றம் சாட்டினார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் நிஜச் சங்கிலியில் கிடந்தவர்களுக்கு வேறுபாடு பெரிதாகவே தெரிந்திருக்கும்.

யார்க்குக்கு அருகே ஃபாஸ்டன் என்ற சிற்றூரில் அப்போது பாதிரியாராக இருந்தவர் சிட்னி ஸ்மித். நகைச்சுவைக்குப் பேர்போனவர். சாமுவேல் டியூக்கின் நூலுக்கு 1814இல் ‘எடின்பரோ ரிவ்யூ’ இதழில் மதிப்புரை எழுதி ரிட்ரீட்டைப் பாராட்டியவர். அவர் 1820 பிப்ரவரி 16 அன்று பக்கத்து மாளிகையான காசில் ஹோவார்டைச் சேர்ந்த ஜார்ஜியானா மார்பெத் சீமாட்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். சீமாட்டிக்கு மனம் சரியில்லை. தானும் அந்தத் துன்பத்தை நன்றாக அனுபவித்தவன் என்று தொடங்கி 20 யோசனைகளை எண்ணிட்டு எழுதியனுப்பினார் ஸ்மித்.

அந்தப் பட்டியல் இரண்டு நூற்றாண்டு கழித்தும் படிக்கச் சுவையானது. குளியல் தண்ணீர் 75 அல்லது 80 டிகிரி ஃபாரன்ஹீட்டில், உடம்பு லேசாகச் சிலிர்க்கும் அளவுக்கு இருக்க வேண்டும் என்கிறார். சென்னையில் மார்கழி மாதக் குழாய்த் தண்ணீர் ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான் வரும். வாழ்க்கையைத் தொலைநோக்கோடு பார்க்காமல் அடுத்த வேளைச் சாப்பாடு வரை மட்டும் பார்க்கச் சொல்கிறார். சோர்வை நண்பர்களிடம் மறைக்காமல் சொல்வது, பிடித்தவர்களை அடிக்கடி பார்ப்பது, களைப்பு வராத அளவுக்கு வெளிக்காற்றில் இருப்பது, வழக்கமாக உட்காரும் அறையைக் கலகலப்பாக வைப்பது, கணப்பில் நெருப்பை நன்றாக எரியவிடுவது, தேநீரும் காபியும் தனக்கு என்ன செய்கின்றன என்று கவனிப்பது எல்லாம் இருக்கின்றன. சோக நாவல்களையும் உருக்கமான கவிதையையும் தள்ளிவைக்கச் சொன்னதில் சிலர் வேறுபடலாம். சோம்பலோடு கொஞ்சம் கொஞ்சமாகப் போராடு, உன்மீதே கடுமை காட்டாதே என்ற இரண்டு குறிப்புகளும் ஒரே கடிதத்தில் இருப்பதுதான் அனுபவசாலியின் கைவண்ணம். ஒன்றை மட்டும் சொல்லியிருந்தால் அது அதட்டலாகவோ வெறும் தேறுதலாகவோ போயிருக்கும்.

கணப்பில் நிறைய நிலக்கரி எரிக்கவும் விருந்தினரை வரவழைக்கவும் வசதி உள்ளவருக்கு எழுதப்பட்ட கடிதம் இது. வசதி இல்லாதவர்களுக்கு 19ஆம் நூற்றாண்டு பெரிய கட்டடங்களைக் கட்டியது. இங்கிலாந்தில் 1845ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு மாவட்டமும் மனநோய் விடுதி அமைக்க வேண்டும் என்றது. 1851இல் லண்டனுக்கு வெளியே திறக்கப்பட்ட கோல்னி ஹாட்ச் விடுதி தொடக்கத்திலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு இடம் கொண்டது. முப்பது பேருக்குச் சாத்தியமான தேநீர் விருந்து ஆயிரம் பேருக்குச் சாத்தியமில்லை. தோட்ட வேலையும் சலவையும் தையலும் இருந்தன. ஆனால் மருந்தாக இருந்த வேலை விடுதிச் செலவைக் குறைக்கும் வேலையாகிவிட்டது. சென்னையில் 1794இல் வாலன்டைன் கொனொலி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அறுவை மருத்துவர் தொடங்கிய விடுதி 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறியதும் இந்தப் பெருவிடுதிக் காலத்தில்தான்.

நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அமெரிக்காவில் காற்று நேர் எதிர்த் திசையில் வீசியது. ஃபிலடெல்ஃபியாவின் நரம்பியல் மருத்துவர் சைலஸ் வெயர் மிட்சல் ‘ஓய்வுச் சிகிச்சை’யைப் பரப்பினார். வாரக்கணக்கில் படுக்கை, பாலும் கொழுப்புமாக உணவு, உடம்பு பிடித்துவிடுதல். படிக்கவோ எழுதவோ தைக்கவோ கூடாது, உறவினரைப் பார்க்கவும் கூடாது. பெண்களுக்குத்தான் இந்தப் படுக்கை. நரம்புத் தளர்ச்சி கண்ட ஆண்களை அவர் மேற்குப் புல்வெளிகளுக்கு அனுப்பிக் குதிரை ஏறச் சொன்னார். அப்படி 1885இல் வயோமிங் போன ஓவன் விஸ்டர் பின்னாளில் புகழ்பெற்ற கௌபாய் நாவலை எழுதினார். 1887இல் மிட்சலிடம் சிகிச்சைக்குப் போன சார்லட் பெர்கின்ஸ் கில்மனோ, இனி பேனாவையே தொடக் கூடாது என்ற கட்டளையோடு வீடு திரும்பினார். சில மாதம் கீழ்ப்படிந்து பார்த்து, மேலும் மோசமாகி, கட்டளையைத் தூக்கிப்போட்டுவிட்டு எழுதத் தொடங்கிய பிறகே அவருக்குத் தெம்பு வந்தது. அந்த அனுபவத்திலிருந்து 1892இல் வெளிவந்த ‘மஞ்சள் சுவர்த்தாள்’ சிறுகதை, மிட்சலின் சிகிச்சையைவிட நீண்ட நாள் வாழ்ந்துகொண்டிருக்கிறது.

ஜப்பானில் மனநல மருத்துவர் மொரிதா ஷோமா 1919 வாக்கில் ஓய்வையும் வேலையையும் ஒரே கயிற்றில் கோத்தார். அவர் முதன்மையாகக் கவனித்தது ஓயாத கவலையும் நரம்புத் தளர்ச்சியும் கொண்டவர்களை. முதல் வாரம் தனியறையில் படுக்கை மட்டும். பேச்சு, படிப்பு, பொழுதுபோக்கு எதுவும் இல்லை. சலிப்புத் தட்டி, ஏதாவது செய்தால் தேவலை என்று தானாகவே தோன்றும்போது லேசான வேலை, பிறகு கடின வேலை, பிறகு வெளியுலகம். மனம் சரியாகட்டும், பிறகு செய்யலாம் என்று காத்திராமல், மனம் எப்படி இருந்தாலும் கையிலுள்ளதைச் செய்வது அவர் முறையின் மையம். நோயாளிகள் அன்றாடம் குறிப்பெழுதிக் காட்ட வேண்டும். அமெரிக்காவில் 1917 மார்ச்சில் நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸில் ஒரு சிறு குழு கூடித் தொழில்வழிச் சிகிச்சைக்குச் சங்கம் அமைத்தது. கூடை முடைதலும் நெசவும் மருத்துவமனைக்குள் முறையான துறையாயின. முதல் உலகப் போரில் காயப்பட்ட வீரர்கள் அதற்குத் தேவையைப் பெருக்கினார்கள்.

இந்தியாவில் புதுமை வேறு விதமாக வந்தது. அமிர்தசரஸில் மருத்துவர் வித்யா சாகர் 1950களில் நோயாளிகளோடு குடும்பத்தாரையும் மருத்துவமனை வளாகத்தில் கூடாரமடித்துத் தங்க வைத்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1957இல் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் தொடங்கிய மனநலப் பிரிவிலும் உறவினர் ஒருவர் கூடத் தங்குவது வழக்கமாயிற்று. சமைப்பது, குளிக்க வைப்பது, நடத்திக் கூட்டிப்போவது என்று வீட்டு வாழ்க்கையே மருத்துவமனைக்குள் வந்தது. நோயாளியை எப்படிக் கவனிப்பது என்று உறவினரும் பழகிக்கொண்டு ஊர் திரும்பினார். மேற்கில் குடும்பத்தை விலக்கிவைத்த காலத்தில் இங்கே ஆள் பற்றாக்குறையும் குடும்ப வழக்கமும் சேர்ந்து நல்ல சிகிச்சை முறை ஒன்றைக் கொடுத்தன. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராக இருந்த சாரதா மேனன் தொழில்வழிச் சிகிச்சைக்கு இடம் கொடுத்தார்; அவர் 1984இல் சென்னையில் நிறுவிய ‘ஸ்கார்ஃப்’ மனச்சிதைவு நோயாளிகளின் மறுவாழ்வுக்காக உழைத்து வருகிறது.

1957இல் சுவிட்சர்லாந்தின் ரோலண்ட் கூன், இமிப்ரமின் என்ற மருந்து மனச்சோர்வைக் குறைப்பதாக அறிவித்தார். அதன் பிறகு மாத்திரை சிகிச்சையின் நடுவிடத்துக்கு வந்தது. கடுமையான சோர்வில் இருந்த பலரை அது மீட்டது; இன்றும் மீட்கிறது. நடை, வேலை, நட்பு பற்றிய அறிவுரை பாட்டி வைத்தியம் என்ற அளவுக்கு ஒதுங்கியது. அதைத் திரும்ப உள்ளே அழைத்து வந்தவர்கள் ஆய்வுக்கூட உளவியலாளர்கள் என்பது யாரும் எதிர்பாராத திருப்பம்.

பி.எஃப். ஸ்கின்னரோடு சேர்ந்து விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த சார்ல்ஸ் ஃபெர்ஸ்டர், 1973இல் மனச்சோர்வைச் செயல்களின் கணக்காகப் பார்த்தார். ஏதோ ஓர் இழப்பால் ஒருவர் வழக்கமான காரியங்களைக் குறைக்கிறார். குறைத்ததால் அவற்றிலிருந்து வந்த மகிழ்ச்சியும் நின்றுபோகிறது. மகிழ்ச்சி இல்லாததால் இன்னும் குறைக்கிறார். தொல்லையைத் தவிர்ப்பதே முழுநேர வேலையாகிறது. ஓரிகன் பல்கலைக்கழகத்தின் பீட்டர் லெவின்ஸன், டக்ளஸ் மெக்ஃபிலமியோடு சேர்ந்து 1971இல் 320 இனிய நிகழ்வுகளின் பட்டியலைத் தயாரித்திருந்தார். சுத்தமான உடை உடுத்துவது, நண்பர்களோடு காபி குடிப்பது போன்ற சின்னச் சின்ன விஷயங்கள். கடந்த ஒரு மாதத்தில் ஒவ்வொன்றும் எத்தனை முறை நடந்தது, எவ்வளவு பிடித்திருந்தது என்று நோயாளி குறிக்க வேண்டும். சிட்னி ஸ்மித்தின் 20 யோசனைகள் 320 ஆகி, எல்லாருக்கும் ஒரே பட்டியல் என்பது போய், அவரவர்க்குப் பொருந்துவதைத் தேடும் கருவியாயிற்று. மனநல மருத்துவர் ஏரன் பெக் 1979இல் வெளியிட்ட சிகிச்சை நூலில் ஒரு நாளை மணி மணியாகப் பிரித்து எழுதும் அட்டவணை இருந்தது. ஒவ்வொரு காரியத்துக்கும் எவ்வளவு இன்பம் கிடைத்தது, எவ்வளவு சாதித்த உணர்வு வந்தது என்று மதிப்பெண் போட வேண்டும். பெக்குக்கு அது முதல் படி மட்டுமே. தவறான எண்ணங்களைத் திருத்துவதே உண்மையான சிகிச்சை என்று அவர் கருதினார்.

அந்த முதல் படியே போதுமா என்று வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் நீல் ஜேக்கப்ஸன் கேட்டார். சுமார் 150 நோயாளிகளை மூன்றாகப் பிரித்தார்: செயல் அட்டவணை மட்டும் பெற்றவர்கள், அதோடு எண்ணங்களைத் திருத்தும் பயிற்சியில் ஒரு பகுதியையும் பெற்றவர்கள், முழுச் சிகிச்சையையும் பெற்றவர்கள். 1996இல் முடிவு வந்தது. மூன்று குழுக்களும் ஒரே அளவுக்குத் தேறியிருந்தன. இரண்டாண்டுக்குப் பின் பார்த்தபோதும் வித்தியாசம் இல்லை. எண்ணத்தை மாற்றினால்தான் செயல் மாறும் என்று நம்பியவர்களுக்கு இது கசப்பு மருந்து. 2006இல் அதே பல்கலைக்கழகத்திலிருந்து 241 பேரைக் கொண்ட ஆய்வு ஒன்று வெளிவந்தது. கடுமையான சோர்விலும் இந்தச் செயல்வழிச் சிகிச்சை மாத்திரைக்கு ஈடாக நின்றது. 2016இல் இங்கிலாந்தில் 440 பேரிடம் நடந்த ஆய்வில், குறைந்த பயிற்சி பெற்ற இளநிலைப் பணியாளர்கள் தந்த செயல்வழிச் சிகிச்சை, தேர்ந்த உளவியலாளர்கள் தந்த எண்ணத் திருத்தச் சிகிச்சைக்குக் குறைந்ததாக இல்லை. செலவும் குறைவு.

நடையும் வெயிலும்கூடச் சோதனைக்கு வந்தன. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 50 வயது தாண்டிய 156 பேரிடம் 1999இல் நடந்த ஆய்வில் வாரம் மூன்று நாள் உடற்பயிற்சி 16 வார முடிவில் மாத்திரை அளவுக்கே பலன் தந்தது. மாத்திரை தொடக்கத்தில் விரைவாக வேலை செய்தது. பயிற்சி செய்தவர்கள் தனித்தனியே விடப்படவில்லை, மேற்பார்வையில் குழுவாகச் செய்தார்கள் என்பதைச் சேர்த்தே படிக்க வேண்டும். ஜான்சனின் பர்மிங்காம் நடைக்குக் கிடைக்காதது அதுதான். குளிர்காலத்தில் மட்டும் வரும் சோர்வை நார்மன் ரோசந்தால் 1984இல் வரையறுத்து, பிரகாசமான விளக்கொளி அதைத் தணிப்பதாகக் காட்டினார். மிலான் மருத்துவமனை ஒன்றில், கிழக்கு பார்த்த அறைகளில் காலை வெயில் பெற்ற இருமுனை நோயாளிகள் மேற்கு அறைகளில் இருந்தவர்களைவிட மூன்று நாளுக்கும் மேலாக முன்கூட்டி வீடு திரும்பினார்கள் என்று 2001இல் ஃபிரான்செஸ்கோ பெனடெட்டி குழு கண்டது. இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டுதல் நிறுவனமான ‘நைஸ்’ 2022இல், லேசான சோர்வுக்கு மாத்திரையை வழக்கமான முதல் சிகிச்சையாகத் தர வேண்டாம் என்றது; செயல்வழிச் சிகிச்சையையும் குழு உடற்பயிற்சியையும் முதல் வரிசைத் தேர்வுகளில் வைத்தது.

மருத்துவரே அரிதான நாடுகளில் இதை யார் செய்வது என்ற கேள்விக்கு ஜிம்பாப்வே ஒரு விடை கண்டது. ஹராரேயின் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் ம்பாரே என்ற நெரிசலான பகுதியில் 14 மூதாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்தார். சுகாதார நிலையத்துக்குள் இடம் இல்லாததால் வெளியே மரத்தடியில் ஒரு பெஞ்சு போட்டார்கள். அங்கே ஷோனா மொழிக்காரர்கள் இந்த நோயைக் குஃபுங்கிசிசா, அதாவது அளவுக்கு மீறி யோசிப்பது, என்பார்கள். பாட்டிகளும் அந்தச் சொல்லாலேயே பேசினார்கள். வந்தவர் தன் பிரச்சினைகளையெல்லாம் சொல்ல, அவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்து, அடுத்த முறை வருவதற்குள் செய்யக்கூடிய காரியம் ஒன்றை இருவரும் சேர்ந்து முடிவு செய்வார்கள். பிறகு குழுவாகக் கூடிப் பழைய பிளாஸ்டிக்கைக் கொண்டு பைகள் பின்னிக்கொண்டே பேசுவார்கள். 24 சுகாதார நிலையங்களில் 573 பேரிடம் நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. ஆறு மாதத்துக்குப் பின் வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களில் பாதிப்பேருக்குச் சோர்வின் அறிகுறிகள் நீடித்தன. பெஞ்சுக்கு வந்தவர்களில் 14 சதவீதத்தினருக்கே நீடித்தன.

கோவாவில் 1996இல் தொடங்கப்பட்ட சங்கத் அமைப்பும் மனநல மருத்துவர் விக்ரம் படேலும் இதே கேள்வியைச் செயல்வழிச் சிகிச்சையோடு சேர்த்தார்கள். மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களைத் தேர்ந்து ஆலோசகர்களாகப் பழக்கினார்கள். 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், நடுத்தரத்தைத் தாண்டிய சோர்வு கொண்ட 495 பேர் ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். சிகிச்சை பெற்ற குழுவில் ஒவ்வொருவருக்கும் ஆறு முதல் எட்டுச் சந்திப்புகள். பூஜைக்குப் பூப்பறிப்பது, பக்கத்து வீட்டுக்காரியோடு சந்தைக்குப் போவது, நிறுத்திவைத்த தையலை மறுபடி எடுப்பது போன்ற, அவரவர் நாளில் கொள்ளும் அளவுக்குச் சிறிய காரியங்களே இத்தகைய சிகிச்சையின் கச்சாப் பொருள். நோயாளி வர முடியாவிட்டால் ஆலோசகர் வீட்டுக்குப் போவார் அல்லது தொலைபேசியில் கூப்பிடுவார். வீட்டில் நெருக்கமான ஒருவரையும் சேர்த்துக்கொள்வார். 2017இல் வெளியான முடிவின்படி மூன்று மாதத்தில் இவர்களில் 64 சதவீதத்தினர் நோயிலிருந்து விடுபட்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதத்தினர். ஓராண்டுக்குப் பின்னும் பலன் நின்றது. அந்தப் பலனில் பெரும்பங்கு, நோயாளிகள் அன்றாடம் செய்த காரியங்கள் கூடியதன் வழியே வந்தது என்றும் கணக்கிடப்பட்டது.

இத்தகைய திட்டங்களில் தற்கொலை எண்ணம் உள்ளவர்களையும் சந்திப்புகளால் தேறாதவர்களையும் மருத்துவரிடம் அனுப்புவது நடைமுறை. இந்தியாவில் 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை, 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழ் உட்படப் பல மொழிகளில் இரவும் பகலும் ஆலோசகர்களைப் பேச வைத்திருக்கிறது; தேவைப்பட்டவர்களை அங்கிருந்து மனநல மருத்துவரோடு இணைக்கிறார்கள்.